நாற்பதாவது அட்டை

வரலாறு நடத்தப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் பணியில் இருந்தது முப்பத்திரண்டு ஆண்டு, நான்கு மாதம், பதினொரு நாள். அதில் நன்றாக நடந்த வகுப்புகள் எத்தனை என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழு தேறியது. ஏழை வைத்துக்கொண்டு உங்களுக்கு என்ன சொல்ல? அதனால் கெட்டுப்போன ஒன்றை எழுதுகிறேன்.

அதை எழுத வேண்டுமானால் இன்னொருவரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நான் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குச் சமூக அறிவியல் நடத்தியபோது, 'அ' பிரிவுக்கு நடத்தியவர் அவர். என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவர். அத்திப்பட்டிலிருந்து ரயிலில் வருவார். கணவருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இந்தக் கட்டுரையைப் பாதியில் வைத்துவிட்டு அவரைத் தேடிப் போய்விடுவீர்கள். டீச்சர் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் இருந்தது. பிள்ளைகளின் தாய் தந்தையரில் பாதிப் பேர் இரும்பு ஆலையிலோ பாக்கிங் கம்பெனியிலோ ஷிஃப்ட் பார்ப்பவர்கள். என் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அதில் ஆறு பேர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்தார்கள்.

நான் எதையும் எண்ணுகிறவன். வேலைக்குச் சேர்ந்த வருடம் சுற்றுலா போய்த் திரும்புகையில் பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிட்டான். அன்று பிடித்த பழக்கம். தலைகளை எண்ணுவேன், படிகளை எண்ணுவேன், சாக்பீஸை எண்ணுவேன். இனப்படுகொலைப் பாடத்தையும் அப்படித்தான் நடத்தினேன். ஐரோப்பாவில் யூதர்கள் அறுபது லட்சம். ருவாண்டாவில் நூறு நாளில் எட்டு லட்சம். கரும்பலகையில் எழுதிப்போட்டு மூன்று முறை சொல்லச் சொல்வேன். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். பரீட்சையில் ஒருவரும் எண்ணைத் தப்பாக எழுதியதில்லை. ஒருமுறை ஆரம்பாக்கத்து லோகேஷ் எழுந்து, "சார், எட்டு லட்சம்னா நம்ம ஸ்கூல் மாதிரி எத்தினி ஸ்கூலு சார்?" என்று கேட்டான். நான் வகுத்து விடை சொன்னேன். கணக்கு சரி. அதற்குமேல் அந்தக் கேள்வியில் ஏதோ இருந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த வருடம் டிசம்பரில் ஒரு நாள், வருகைப் பதிவேட்டோடு தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தேன். கணினி அறைக்குள் டீச்சர் 'அ' பிரிவுக்கு அதே பாடத்துக்காக ஏதோ திரையிட்டுக்கொண்டிருந்தார். அந்த அறைக்குள் தூசி போகக் கூடாது என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போவது எங்கள் பள்ளியில் வழக்கம். வாசலில் செருப்புக் குவியல். டீச்சருடையதைச் சேர்த்து நாற்பத்து நான்கு ஜோடி.

கதவு திறந்தது. பிள்ளைகள் முண்டியடித்து வெளியே வந்தார்கள். டீச்சர் கையை நீட்டி மறித்தார்.

"யாரும் கால் உடாதீங்க. மொதல்ல பாருங்க. கீதா, இதுல உன்னுது எது?"

"அந்த நீலம், டீச்சர்."

"நீலம் ஆறு கெடக்குது."

"வாருல ஊக்கு குத்திக்குது பாருங்க, அதான்."

"யாரு குத்துனது?"

"எங்கம்மா. அறுந்துபோச்சுன்னு காலைல அழுதுக்கினு இருந்தேன். கம்பெனி பஸ்ஸு வந்துடுச்சு, ஓட்ற ஓட்டத்துல குத்திட்டுப் போச்சு."

சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். "டேய், உன்னுது?"

"என்னுது எங்க அண்ணன்து டீச்சர். ரெண்டு சைஸு பெருசு. பேப்பரு வச்சிக்கினு நடக்கறேன்."

"அதான் தொரை டக்கு டக்குன்னு வர்றாரா!" என்றது ஒரு குரல். மறுபடி சிரிப்பு. இப்படி ஏழெட்டுப் பேரிடம் கேட்டார். ஒவ்வொரு செருப்புக்கும் ஒரு வீடு இருந்தது, ஒரு சண்டை இருந்தது, ஒரு கடை இருந்தது. பிறகு குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார்:

"உள்ள ஒரு படம் காட்டுனேன் இல்ல, போலந்துல அந்த முகாம் மியூசியத்துல, கண்ணாடிக்குள்ள குமிஞ்சி கெடந்துச்சே செருப்புங்க. அங்கயும் ஒண்ணுல ஊக்கு குத்தியிருக்கும். யாரு குத்துனதுன்னு சொல்றதுக்கு ஆளு இல்ல. அவ்ளோதான். போட்டுக்கினு போங்க."

ஒருவரும் போட்டுக்கொள்ளவில்லை.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. பதினைந்து வயதுப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர், பிரம்பு இல்லாமல், அதட்டல் இல்லாமல், இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. என் வகுப்பில் அதுவரை இருந்த அதிகபட்ச அமைதி ஐம்பது வினாடி. அதுவும் ஒரு பாம்பு வந்ததால்.

உங்களில் பலர் இதைப் படித்துவிட்டு, அருமையான பாடம் என்று குறித்துக்கொள்வீர்கள். குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று வயிறு எரிந்தது. அவர் போலந்துக்குப் போனதில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. நான் இரண்டாம் உலகப் போரைப் பற்றி மட்டும் பதினான்கு புத்தகம் படித்தவன். அவருக்கு உதவியது ஓர் ஊக்கு.

வீட்டில் போய்ச் சொன்னேன், அதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "அந்த டீச்சரம்மா பேச்ச எட்த்தா உனுக்கு வவுறு எரியுது. மோர் குடி" என்றாள். குடித்தேன். தீரவில்லை.

முதல் போட்டியாக என் வகுப்பைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் காட்டியது படம், நான் நிஜமான நினைவுச்சின்னத்தையே காட்டுகிறேன் என்று. அங்கே டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். உள்ளே போவதற்குள் பிள்ளைகள் அதன் தோளில் கைபோட்டுப் பதினான்கு படம் எடுத்துவிட்டார்கள். நான் கல்வெட்டுகளை வாசித்து விளக்கினேன். லோகேஷ் மெல்ல என் பக்கத்தில் வந்தான்.

"சார், இவுங்கல்லாம் எப்டி சார் செத்தாங்க?"

"காய்ச்சல். வயிற்றுப்போக்கு. வயசு."

"அப்ப நம்ம இன்னா சார் ஃபீல் பண்ணணும்?"

மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து, தலை எண்ணி, பஸ் ஏற்றினேன். கல்லறைக்கு அழைத்துப் போனால் துக்கம் தானாக வந்துவிடும் என்று நம்பிப் பஸ் பிடிக்காதீர்கள். யாருடைய கல்லறை, இந்தப் பிள்ளைக்கு அது ஏன் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இது நான் படித்த பதினான்கு புத்தகத்திலும் இல்லை.

அப்போதுதான் எனக்கு அந்த ஆறு பேர் கண்ணில் பட்டார்கள். டீச்சர் வகுப்பிலும் முகாம் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. போலந்தைக் காட்டினாரே, பக்கத்திலேயே கடல் தாண்டி வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, அதை விட்டுவிட்டாரே! விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்காமலிருப்பதும் ஒருவர் யோசித்து எடுக்கிற முடிவாக இருக்கலாம் என்று தோன்றவில்லை.

ஜனவரியில் பள்ளிக் கண்காட்சி. மாவட்டத்திலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. நான் ஒரு நினைவுச் சுவர் செய்வதாகத் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். இலங்கைப் போரில் எங்கள் பிள்ளைகளின் உறவினர்கள் யார் யார் செத்தார்கள், பெயர், வயது, ஊர். அங்கே நடந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று பெரிய இடங்களில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்; நான் பெயர் எதுவும் வைக்கவில்லை, செத்தவர்களின் பெயரை மட்டும் வைக்கிறேன் என்றேன். "அரசியல் பண்ணாம முடிங்க" என்றார்.

இனி என் தவறைச் சொல்கிறேன். ஒரு பெயரைக்கூடக் கேட்பதற்கு முன்பே அட்டைகளை வெட்டிவிட்டேன். தெர்மாகோல் பலகையில் குறுக்கே எட்டு, நெடுக்கே ஐந்து. நாற்பது வெள்ளை அட்டை, கீழே நாற்பது அகல். அளவெடுத்து, கோடு போட்டு, பசை தடவ இடம் விட்டு, எல்லாம் கச்சிதம். அப்புறம்தான் ஆறு பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பெயர் கேட்டேன். நான்கு நாளில் முப்பத்தொன்பது பெயர் வந்தது.

முப்பத்தொன்பது.

கடைசி மூலையில் ஒரு கட்டம் காலி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிலைகொள்ளவில்லை. பிள்ளைகளை மறுபடி நிற்க வைத்தேன்.

"இன்னும் ஒருத்தர் இல்லையா? யோசிச்சுப் பாருங்க. சித்தப்பா, மாமா, பக்கத்து வீடு?"

அவர்களில் நிரோஜினி என்று ஒரு பெண். கெட்டிக்காரி, கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அவள் தாத்தா பெயரும் மாமா பெயரும் கொடுத்திருந்தாள். அவள் தந்தை வீட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"உங்க அப்பா?"

"அப்பா காணாமப் போனவர், சேர்."

"எப்போ?"

"அப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு ஊருக்குப் போனவர். நான் அப்ப சின்னப் பிள்ளை. பத்து வருசம்."

"பத்தா? சட்டப்படி ஏழு வருஷம் ஒருத்தரைப் பத்தித் தகவல் இல்லைன்னா போதும்மா" என்றேன். அறிந்த ஒரு விவரத்தைச் சொல்கிற சாதாரணக் குரலில்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து, அந்த அச்சுக் கையெழுத்தில், யோகராசா என்று எழுதினாள். வயது என்ற இடத்தில் நிறுத்தினாள். "எந்த வயசு சேர்? போகேக்க இருந்த வயசோ, இப்ப உள்ள வயசோ?"

"போனபோது இருந்தது" என்றேன். முப்பத்து நாலு என்று எழுதினாள். அட்டையை ஒட்டினேன். நாற்பது.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு டீச்சர் என் பலகை முன்னால் வந்து நின்றார். எல்லாப் பெயரையும் படித்தார். கடைசி மூலையில் அதிக நேரம் நின்றார்.

"சார், இவங்கல்லாம் ஊட்ல கேட்டுக்கினுதானே எழுதுனாங்க?"

நல்ல கேள்வி. இரண்டு நிமிடத்தில் பதில் தேடியிருக்கலாம். ஆனால் கேட்டது அவர்.

"என் கிளாஸ நான் பார்த்துக்கறேன் டீச்சர். உங்க செருப்பு ஸ்டால் ரெடியா?"

அவர் முகம் சுருங்கியது. "ரெடி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பிடிக்காதவர் ஒரு கேள்வி கேட்டால், அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். கேள்வியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, வேறு யாரோ கேட்டதாக நினைத்துப் பதில் தேடுங்கள்.

மறுநாள் அதிகாரி பதினொரு மணிக்கு வருவதாகத் தகவல். பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு பெண் கேட்டைத் தாண்டி வந்தார். கம்பெனி ஓவர்கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தார். நெற்றியில் பெரிய சிவப்புப் பொட்டு. நிரோஜினியின் தாய். நிரோஜினி அன்று பள்ளிக்கு வரவில்லை.

அவர் பலகையை இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டாவது வரிசையில் தன் தகப்பன் பெயரை விரலால் தொட்டார். அதற்குப் பக்கத்தில் தன் தம்பி பெயரைத் தொட்டார். அகலின் திரியைச் சரி செய்து வைத்தார். அதுவரை சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடைசி மூலைக்கு வந்தார்.

"இதை ஆர் வைச்சது?"

"உங்க பொண்ணுதாம்மா எழுதிக் கொடுத்தா."

"அவள் ராத்திரி முழுக்கச் சோறு தின்னேல்ல. அப்பான்ர பேரை நான்தான் எழுதினன் எண்டு அழுறாள். ஆர் எழுதச் சொன்னது?"

"நான்தான்."

"அவர் செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, சேர்?"

தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். "இன்னா சார் இது, ஆபீசர் வர்ற நேரத்துல? பலகையையே எடுத்துடுங்க, பேஜாரு வேணாம்" என்று என் காதில் சொன்னார். எனக்கு அந்தப் பலகை போய்விடும் என்கிற பயம். அந்தப் பயத்தில், சொல்லவே கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"அம்மா, பத்து வருஷம் ஆகுது..."

அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் எண்ணேல்லையோ, சேர்? நீங்கள் வருசம் எண்ணுறியள். நான் நாள் எண்ணுறன்."

நான் எண்ணுகிறவன் என்று சொன்னேன் அல்லவா. அந்த இடத்தில் என் கையிலிருந்த எண்ணெல்லாம் கீழே விழுந்துவிட்டது. அவர் அட்டையைப் பிய்த்தார். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் ஒரு துண்டு தெர்மாகோலும் சேர்ந்து வந்தது. அதோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "என்ர பிள்ளை இனி இஞ்ச வரமாட்டாள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கேட் வரை நாற்பத்தாறு அடி. திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து முப்பத்தைந்து. நான் வேறு அட்டை வெட்டிக் காலி இடத்தை மறைக்கப் பார்த்தேன். ஒரு பூப்படம் ஒட்டலாம், பள்ளிப் பெயர் எழுதலாம். கத்தரி ஓடவில்லை. பக்கத்து அறை வாசலிலிருந்து டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். 'நேற்றே சொன்னேனே' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"காலியா உடுங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

விட்டேன். அவர் சொன்னதற்காக விடவில்லை, நேரம் இல்லை. அதிகாரி வந்தார், பார்த்தார், மூலையைக் காட்டி, "இது என்ன காலி?" என்றார். "ஒட்டினது விழுந்துடுச்சு, ஐயா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். அங்கே டீச்சரின் பிள்ளைகள் ஆளுக்கொரு பழைய செருப்பை வைத்து, அதன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி அங்கே பதினேழு நிமிடம் இருந்தார். என்னிடம் இருந்தது நான்கு.

நிரோஜினி வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். அரசுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பெற்றோர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டிய வாரம் அது. பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், தந்தை பெயர். நாற்பது பேர் கையெழுத்து வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அவள் தாய் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பெண் அந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியாது. ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக நான் கேட்ட கேள்விக்கு விலை, நானூறுக்கு மேல் வாங்கக்கூடிய ஒரு பெண்ணின் படிப்பு.

வியாழக்கிழமை மதியம் டீச்சரிடம் போனேன். நான் அவரிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன் டீச்சர். பொம்பளைக்குப் பொம்பளை பேசினா கேப்பாங்க."

"நான் எதுக்கு சார்? பேர எழுத வச்சது நீங்க."

சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது, அந்தப் பேரு மட்டும் தப்புன்னு?"

"பசங்க கண்காட்சிக்குப் பேரு எழுதுறப்போ வருகைப் பதிவேட்டைப் பொரட்டிக்கினு இருந்தேன். ஆபீஸ் ரூம்ல உங்க கிளாஸுதும் கெடந்துச்சு. அப்பா இல்லாத புள்ளைங்களுக்கு, அப்பா பேருக்கு முன்னாடி 'லேட்'னு எழுதியிருக்கீங்க. மூணு பேருக்கு. நிரோஜினிக்கு எழுதல. எழுதுனது நீங்கதான் சார். உங்க கையெழுத்துதான்."

போய்ப் பார்த்தேன். உண்மை. ஜூன் மாதம் அந்தத் தாய் நேரில் வந்து சொல்லச் சொல்ல, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தந்தை: யோகராசா. முன்னால் ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு பெயரை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெயர்ப்பட்டியலை ஃபைலில் போட்டுக்கொண்டு முகாமுக்கு நடந்தேன். வரிசை வீடுகள். தண்ணீர்க் குழாயடியில் விசாரித்தபோது ஒரு அம்மாள் கைகாட்டினார். வாசலில் செருப்பைக் கழற்றினேன். என்னுடையதைச் சேர்த்து நான்கு ஜோடி.

உள்ளே தாயும் மகளும் இருந்தார்கள். வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. பால் இல்லாத தேநீர் ஆற்றி வைத்திருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். வழியில் எட்டு வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஒன்றுதான் வந்தது.

பட்டியலை எடுத்து நீட்டினேன். "இது பரீட்சைக்கு அனுப்பறது. சரியா இருக்கான்னு பார்த்துக் கையெழுத்து போடணும். இன்னிக்குக் கடைசி நாள்."

அவர் வாங்கி, மகளின் வரியைத் தேடினார். தந்தை பெயர் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். மூன்று முறை படித்தார். உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

"இது கவர்மென்ட்டுக்குப் போறதோ?"

"ஆமாம்மா."

"இதில இப்பிடித்தான் இருக்குமோ? பிறகு ஒண்டும் சேர்க்க மாட்டியளே?"

"சேர்க்க மாட்டேன். இப்படியேதான் போகும். அவ சான்றிதழ்லயும் இப்படியேதான் வரும்."

"பேனா தாங்கோ."

கையெழுத்துப் போட்டார். எழுத்து எழுத்தாக, யோகராசா என்பதைத் தன் பெயரோடு சேர்த்து எழுதினார். மகளைப் பார்த்து, "வெளிக்கிடு, நேரமாகுது. சேரோட போ" என்றார். நிரோஜினி எழுந்து பையைத் தேடினாள். நான் தேநீரைக் குடித்தேன். இத்தனை ஆண்டில் ஒரு காரியமாவது என் முயற்சியில், என் காலால் நடந்து போய்ச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் சொன்னார்:

"நீங்கள் வருவியள் எண்டு தெரியும் சேர். அதுக்குத்தான் வேலைக்குப் போகேல்ல. அந்த அத்திப்பட்டு டீச்சர் முந்தநாள் வந்தவ. சேர் கட்டாயம் வருவார், அவரே வந்து கேக்கட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ எண்டு சொன்னவ."

முந்தாநாள் என்றால் புதன். நான் அவரிடம் உதவி கேட்டது வியாழன். கேட்பதற்கு ஒரு நாள் முன்பே போய்விட்டு வந்து, 'நான் எதுக்கு சார்' என்று பாத்திரம் கழுவியிருக்கிறார்.

நான் கேட்ட மன்னிப்புக்குக்கூட அவர்தான் நாற்காலி போட்டு வைத்திருந்தார். உங்களில் யாராவது எனக்கு அதில் நன்றி வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் இரண்டாவதாகத்தான் வந்தது.

வெளியே வந்து செருப்பைத் தேடினேன். நிரோஜினி தன்னுடையதை மாட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். தாயின் செருப்பு ஒன்று. என்னுடையது ஒன்று. சுவரோரம் இன்னொரு ஜோடி இருந்தது. ஆண்கள் செருப்பு, ஒன்பதாம் நம்பர், பழுப்பு நிறம். ஒருமுறைகூடக் கால் படாத அடிப்பாகம். அந்த முகாமில் சிமென்ட் தூசியும் இரும்புத் தூசியும் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. அந்தச் செருப்பின் மேல் மட்டும் இல்லை. யாரோ தினமும் துடைக்கிறார்கள். வாசலைப் பார்த்தபடி இல்லை. வீட்டுக்குள் நுழைந்தவர் கழற்றிவிட்ட மாதிரி, முனை உள்பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள்.

வீட்டில் இரண்டு பேர். செருப்பு மூன்று ஜோடி. உள்ளே போகும்போதே எண்ணியிருந்தேன். எண்ணியது அப்போதுதான் புரிந்தது.

நிரோஜினி அந்த வருடம் நானூற்று நாற்பத்தாறு வாங்கினாள். பலகை நான் ஓய்வு பெறும்வரை வரலாற்று அறையில் இருந்தது, கடைசி மூலை காலியாக, தெர்மாகோல் பிய்ந்த பள்ளத்தோடு. புதிதாக வரும் பிள்ளைகள் அது ஏன் காலி என்று கேட்பார்கள். வருபவருக்காக என்று சொல்வேன். அதற்குமேல் விளக்க மாட்டேன். அந்த இடத்தில் வகுப்பு அமைதியாக இருக்கும். நான் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு நிமிடம் ஐம்பது வரை பார்த்துவிட்டு விட்டேன்.

அந்தச் செருப்பைப் பற்றி டீச்சரிடம் நான் சொல்லவில்லை. அவர் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது உலகத்தில் எந்த அருங்காட்சியகத்திலும் இருக்காது. அதனால்தான் சொல்லவில்லை. அவரிடம் எல்லாம் இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்ததாக ஒன்றாவது இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு என்னைப் பற்றி அவர் ஆறு நிமிடம் நல்லபடியாகப் பேசினார். அப்போதும் சொல்லவில்லை. இன்று உங்களுக்குத்தான் முதல்முறை சொல்கிறேன்.

ஆனால் ஒன்று என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. புதன்கிழமை அவரும் அந்த வீட்டுக்குப் போனாரே. அவரும் அந்த வாசலில்தானே செருப்பைக் கழற்றியிருப்பார்?